செகண்ட் ஹேண்ட் சின்ன கார்: அறிகுறியைப் பார்த்து ஆயுளைக் கணிக்கும் வழி

பழைய கார் என்றால் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்யும். அதனால் குறை இருக்கிறதா என்று தேடுவதைவிட, கண்ணில் படும் குறை எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் உதவும். தேய வேண்டிய பொருள் தேய்ந்திருந்தால் விலையில் பேசி, மாற்றிவிட்டு ஓட்டலாம். கவனிக்காமல் விட்டதால் இன்ஜினோ கியர்பாக்ஸோ உள்ளுக்குள் கெட்டிருந்தால் அது வருடக்கணக்கில் செலவு வைக்கும். தெரிந்தே மறைத்திருந்தால், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஒன்றை மறைத்தவர் வேறு எதையெல்லாம் மறைத்தார் என்று கண்டுபிடிக்க நமக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான்.

சின்ன கார்களுக்கென்று சில விஷயங்கள் உண்டு. பெரும்பாலும் அவை நகரத்துக்குள் குறுந்தூரம் ஓடியிருக்கும். இன்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே அணைத்துவிடுவார்கள். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாக நேரமே கிடைக்காது. கிளட்ச் நெரிசலில் தேயும். அதனால் ஓடிய தூரம் குறைவு என்பதை மட்டும் வைத்து மயங்க வேண்டாம். பத்து வருடத்தில் 30,000 கி.மீ. ஓடிய காரைவிட, நெடுஞ்சாலையில் 90,000 கி.மீ. ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய கார் உள்ளுக்குள் சுத்தமாக இருப்பதைப் பார்க்கலாம். இன்னொன்று, மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐட்லிங்கில் கொஞ்சம் அதிரும். அது அதன் இயல்பு. வாங்க நினைக்கும் அதே மாடலில் நன்றாக இருக்கும் இன்னொரு காரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனால் இயல்பு எது, கோளாறு எது என்று குழப்பம் வராது.

பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். கையில் டார்ச், வெள்ளைத் துணி, மெல்லிய துணி சுற்றிய காந்தம், காரின் கம்ப்யூட்டரில் பதிந்ததைப் படித்துப் போனில் காட்டும் ஓபிடி ஸ்கேனர் இவை போதும்.

போகும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். இடம் மாற்றி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்த வண்டியின் இன்ஜினைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். செயின் சத்தம், வால்வு சீல் புகை, முதல் ஸ்டார்ட்டில் திணறுவது எல்லாமே இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிடுகிறவை. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். சொல்லியும் இரண்டாம் முறை சூடாகவே இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் நீங்கள் கேட்கக் கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது.

ஸ்டார்ட் செய்தவுடன் கடகடவென்று சத்தம்

ஸ்டார்ட் செய்வதை விற்பவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் பானட்டைத் திறந்து டைமிங் பக்கம், அதாவது பெல்ட்டுகள் சுற்றும் பக்கம், காதை வைத்து நில்லுங்கள். இன்ஜின் பிடித்த முதல் சில நொடிகள்தான் முக்கியம்.

டப்பாவில் சங்கிலியைக் குலுக்குவது போன்ற சத்தம் ஒன்றிரண்டு நொடி வந்து நின்றுவிட்டால், டைமிங் செயினை (கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலியை) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் ஏறும்வரை செயின் தொய்வாக ஆடுகிறது என்று அர்த்தம். டென்ஷனர் தேய்ந்திருக்கலாம், செயினே நீண்டிருக்கலாம். ஸ்கேனரில் பி0016 போன்ற கோடு (கம்ப்யூட்டர் பதியும் கோளாறுக் குறியீடு), அதாவது கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்ற கோடு, கூடவே இருந்தால் செயின் நீண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். செயின் என்றால் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்வார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால்தான் அந்தப் பேச்சு உண்மையாகும். இந்தச் சத்தம் உள்ள வண்டியில் செயின் செட் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழிக்க முடிந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

மேலிருந்து டிக் டிக் என்று லேசாக வந்து சூடேறக் குறைவது டேப்பெட் சத்தம். பெரும்பாலும் பெரிய பிரச்சினை இல்லை. அடியிலிருந்து கனமாக, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கூடும் டொக் டொக் என்றால் பேரிங். அத்தோடு அந்த வண்டியை விட்டுவிடலாம்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் சத்தமே வராது, அதனால்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 60,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் எங்காவது ஓர் எல்லை வைத்திருப்பார்கள். கூடவே வருடக் கணக்கும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அது. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே பிரித்துச் சரிசெய்ய வேண்டி வரும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம்.

இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பெஜோ, சித்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் இரண்டின் பல வருட மாடல்களிலும் இந்த அமைப்பு உண்டு. தவறான ஆயிலோ, தாமதமாக மாற்றிய ஆயிலோ இருந்தால் ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த துகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் அடைக்கும், ஆயில் அழுத்தம் விழும், இன்ஜின் போய்விடும். பியூர்டெக்கில் ஆயில் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் பெல்ட்டின் முதுகு தெரியும். விரிசல், ஓரத்தில் நார் கிளம்பியது, ஊறி அகலமானது, இதில் எது தெரிந்தாலும் ஆயில் பம்ப் வரை சுத்தம் செய்யும் வேலை அது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சைலன்சரில் புகை

குளிர்காலக் காலையில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து சில நிமிடத்தில் நின்றால் அது வெறும் நீராவி. சூடேறிய பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை, அதில் இனிப்பான வாடை என்றால் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், எரிகிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கலாம். கருப்புப் புகை பெட்ரோல் காரில் எரிபொருள் கூடுதலாகப் போவதால் வருவது. சென்சார், இன்ஜெக்டர் என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவே பெரும்பாலும் இருக்கும். டீசல் காரில் அழுத்தி மிதிக்கும்போது கொஞ்சம் கருப்பு வரலாம், ஆனால் துகள் வடிகட்டி உள்ள டீசல் காரில் வரவே கூடாது. வந்தால் வடிகட்டியைக் கழற்றிவிட்டார்களா என்று கேளுங்கள்.

நீலப் புகைதான் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒரு நீலப் புகை மூட்டம் கிளம்பி மறைந்தால், வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. சரிசெய்யலாம், அவசரமும் இல்லை. ஓட்டும்போது அழுத்தி மிதித்தால் தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்வு. அது இன்ஜினைப் பிரிக்கும் வேலை. டர்போ உள்ள காரில், நீண்ட நேரம் ஐட்லிங்கில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது நீலமாக வந்தால் டர்போவின் சீலையும் சந்தேகிக்க வேண்டும்.

பின்னால் ஒருவரை உட்காரவைத்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட இறக்கத்தில் கியரிலேயே காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்ததும் அழுத்தி மிதியுங்கள். வால்வு வழியாக ஆயில் இறங்கும் இன்ஜின் அந்த இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆயில் குடிக்கும் பழக்கத்துக்கும் கம்பெனிப் பெயருக்கும் சம்பந்தமில்லை. நம்பகத்துக்குப் பெயர்போன டொயோட்டாவிலேயே, 2000-களின் தொடக்க ஆண்டுகளில் வந்த 1.8 லிட்டர் 1இசட்இசட் இன்ஜினில், பிஸ்டனிலிருந்து ஆயில் திரும்பி வடியும் துளைகள் போதாமல் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொண்டன. பிறகு பிஸ்டனையே மாற்றி வடிவமைத்தார்கள். ஆகவே எந்தக் கம்பெனி என்பதோடு நிற்காமல், எந்த இன்ஜின், எந்த வருடம் என்பதுவரை விசாரியுங்கள்.

ஆயிலும் கூலண்ட்டும் பார்க்கச் சரியில்லை

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் என்று பயப்பட வேண்டாம். குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் அங்கேதான் போய்ச் சேரும். ஆயில் ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஸ்டிக்கிலும் பால் கலந்தது போல இருந்தால் கூலண்ட் உண்மையாகவே ஆயிலில் கலக்கிறது. ஸ்டிக்கில் சுத்தமாக இருந்து மூடியில் மட்டும் என்றால் பெரும்பாலும் ஈரம்தான். ஆயில் கருப்பாக இருப்பது குற்றமில்லை. தாராகக் கெட்டியாகி, மூடி வழியாகப் பார்க்கும் உட்புறமும் கருப்புப் பிசினாக இருந்தால்தான் வருத்தப்பட வேண்டும். அது நீண்ட கால அலட்சியம்; ஒரு ஆயில் மாற்றத்தில் போகாது. ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து அளவும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது.

கூலண்ட்டைக் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். துருநிறத்தில் இருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கேஸ்கெட் சந்தேகம். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே, இன்ஜின் இன்னும் சூடாகாதபோதே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் போல இறுகினால் எரிந்த வாயு கூலண்ட்டுக்குள் புகுகிறது. மெக்கானிக்கிடம் இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கூலண்ட் தொட்டியின் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து உறிஞ்சுவார். பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும்.

கூலண்ட் அளவு குறைந்திருந்தால் எங்கே போனது என்று பதில் வேண்டும். 2006 முதல் 2008 வரை வந்த ஹோண்டா சிவிக் 1.8 லிட்டர் கார்கள் சிலவற்றில் இன்ஜின் பிளாக்கிலேயே விரிசல் விட்டுக் கூலண்ட் கசிந்தது. ஹோண்டா அதற்காக வாரண்டியை நீட்டித்தது. அப்படிப்பட்ட கசிவை முதலில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை, அவ்வப்போது ஊற்றிக்கொண்டால் போதும் என்று ஓட்டுவார்கள். விற்பவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் விளக்கு எரிகிறது, அல்லது எரியவே இல்லை

சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் செய்யும் முன், இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகளும் சாவி ஆன் செய்ததும் எரிந்து, தாமாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது மறைத்திருக்கிறார்கள். இது முதலில் சொன்ன மூன்றாவது வகை.

எரிந்துகொண்டே இருந்தால் ஸ்கேனரைப் போட்டுக் கோடைப் படியுங்கள். பி0301, பி0302 என்றால் அந்தந்த எண் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டு, கோடும் கூடவே இடம் மாறினால் காயில்தான் காரணம், சின்ன வேலை. கோடு அதே சிலிண்டரில் நின்றால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்). பி0171 என்றால் காற்று கூடுதலாகவோ பெட்ரோல் குறைவாகவோ போகிறது. எங்காவது காற்றுக் கசிவு இருக்கலாம். பி0420 கேட்டலிஸ்ட், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் பாகம், வேலை செய்யும் திறன் குறைந்ததைச் சொல்கிறது. கேட்டலிஸ்ட் தானாகக் கெடுவதைவிட, ஆயில் குடிக்கும் இன்ஜினோ நீண்ட நாள் மிஸ்ஸிங்கோ அதைக் கெடுப்பதுதான் அதிகம். அதனால் அந்தக் கோடு வந்தால் மேலே புகையைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் போய்ப் பாருங்கள்.

கோடே இல்லையென்றால் அதோடு ஸ்கேனரைக் கழற்றிவிடாதீர்கள். நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு அழித்திருக்கலாம். அழித்ததற்கும் தடயம் உண்டு. பல கார்களின் கம்ப்யூட்டர், கோடுகளை அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியது என்று ஒரு எண்ணை வைத்திருக்கும். 80,000 கி.மீ. ஓடிய காரில் அந்த எண் வெறும் 12 என்று இருந்தால், அழித்தது யார், எதற்காக என்று கேளுங்கள். அதோடு ரெடினஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கார் தன் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் முதலியவற்றைத் தானே சோதித்து முடித்ததா என்பதை அது காட்டும். அழித்தவுடன் எல்லாம் முடியாத நிலைக்குத் திரும்பும். மறுபடி முடிய நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் பல முறை ஓட வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இதே நிலை வரலாம், ஆகவே பேட்டரி புதிதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பேட்டரி பழையது, கோடு மட்டும் புதிதாக அழிக்கப்பட்டது என்றால் அந்த வண்டியை ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கக் கேளுங்கள். அதற்குள் விளக்கு திரும்ப எரிந்திருக்கலாம்.

கிளட்ச் வழுக்குகிறது, கியர் மாறும்போது கரகரக்கிறது

மேனுவல் காரில் சோதனை எளிது. மெதுவாகப் போகும்போதே நான்காவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். வேகம் ஏறாமல் இன்ஜின் சுழற்சி மட்டும் துள்ளி ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் தேய்கிற பொருள், மாற்றலாம், அவ்வளவுதான். நிற்கும்போது நியூட்ரலில் வரும் சத்தம் பெடலை அழுத்தியதும் மறைந்தால் கியர்பாக்ஸ் பேரிங். அழுத்தும்போதுதான் வருகிறது என்றால் கிளட்ச்சோடு சேர்த்து மாற்றும் ரிலீஸ் பேரிங். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரத்தால் கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. அந்த வேலைக்குக் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் என்றால் முதலில் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சின்ன கார்களில் நம்பகத்தை அதிகம் தீர்மானிப்பது இதுதான் என்பது என் எண்ணம். பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் வகை பொதுவாக நீண்ட நாள் உழைக்கும். படிப்படியான கியர்கள் இல்லாமல் பெல்ட்டும் கப்பியும் வைத்து இயங்கும் சிவிடி வகையில் ஓடும்போது சீரான ஊளைச் சத்தம், கிளம்பும்போது அதிர்வு, சூடான பிறகு இழுவை குறைவது ஆகியவை கெட்ட அறிகுறிகள். அமெரிக்காவில் நிசான் தன் சென்ட்ரா, வெர்சா கார்களின் சிவிடிக்கு வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. உலர் கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்) இரண்டு வைத்த டூயல் கிளட்ச் வகையில் நெரிசலில் ஊர்ந்து போகும்போது நடுங்குவதைக் கவனியுங்கள். ஃபோர்ட் ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்களின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் இதற்காகவே அமெரிக்காவில் கூட்டு வழக்கைச் சந்தித்து 2020-இல் சமரசத்தில் முடிந்தது. ஃபோக்ஸ்வாகனும் 2013-இல் தன் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியின் ஆயிலை மாற்றித் தர லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது.

இந்த வகைகளைச் சோதிக்கப் பத்து நிமிட ஓட்டம் போதாது. முக்கால் மணி நேரமாவது ஓட்டி, கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு மேட்டில் நிறுத்தி, பிரேக்கை விட்டு மெதுவாகக் கிளப்புங்கள். ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து பாருங்கள். ரிவர்ஸில் மேடேற்றுங்கள். குளிர்ந்திருந்தபோது வெண்ணெய் போல வழுக்கி மாறிய கியர் அப்போது திக்கினால் அந்தக் கியர்பாக்ஸ் உங்களிடம் வந்த பிறகு பழுதாகும். அதன் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்பது பலர் சொல்லும் பதில். நான் அதை ஏற்பதில்லை. மாற்றிய ரசீது உள்ள வண்டிக்கே முதலிடம் கொடுப்பேன்.

ஓடும்போது சத்தம், ஸ்டியரிங்கில் இழுப்பு

இவை பெரும்பாலும் தேயும் பொருட்கள்தான். பள்ளத்தில் இறங்கும்போது டக் டக் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கோ லோயர் ஆர்ம் புஷ்ஷோ. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாகச் சுற்றும்போது கட் கட் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வேகம் கூடக் கூட ஊளையிட்டு, வளைவில் சத்தம் மாறினால் வீல் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் சீராகத் தேயவில்லை. எல்லாவற்றையும் குறித்துவைத்து விலையில் பேசுங்கள்.

டயர் மட்டும் சத்தமில்லாமல் பெரிய கதை சொல்லும். உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. அலைன்மென்ட் செய்தும் அப்படியே தேய்கிறது என்றால் விபத்தில் சேசிஸ் வளைந்திருக்கலாம். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

பெயிண்ட் ஒரு பக்கம் வேறுமாதிரி

கதவு, பானட், டிக்கி இடைவெளிகளைச் சுற்றிவந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். பானட் கீல்களின் போல்ட் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். காந்தம் ஓரிடத்தில் ஒட்டாமல் வழுக்கினால் கீழே பட்டி (நசுங்கலை நிரப்பப் பூசும் பசை) கனமாக இருக்கிறது. ஆனால் சில கார்களில் பானட்டே அலுமினியம், பம்பர் பிளாஸ்டிக். அங்கெல்லாம் காந்தம் பேசாது. பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை. 200-ஐத் தாண்டினால் மறு பெயிண்ட், பல நூறு என்றால் பட்டி.

கதவில் கீறலுக்காகப் பெயிண்ட் அடித்ததைக் குறையாகவே நான் எடுப்பதில்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அந்தக் குழியின் தரையில் சுருக்கமோ புதிய வெல்டிங்கோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். முன்பக்கம் பானட்டுக்குள் இருபுறமும் நீளமாக ஓடும் சேசிஸ் பாகங்களையும் அப்படியே பாருங்கள். அங்கே மடிப்பு இருந்தால் விபத்து எலும்புவரை போயிருக்கிறது. சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். காரின் வயதைவிட அது வருடங்கள் புதிதாக இருந்தால், விபத்தில் பெல்ட் இழுபட்டு மாற்றியிருக்கலாம். அப்படியென்றால் ஏர்பேக் என்ன ஆனது என்பதே அடுத்த கேள்வி.

ஏர்பேக் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் பல வருடம் இருந்தால் வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன. பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, பாக்கி இருக்கும் ரீகால் ஏதாவது உண்டா என்று கேட்டுவிடுங்கள். ரீகால் வேலைக்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை.

உள்ளே ஊசல் வாடை, அல்லது அளவுக்கு மீறிய வாசனை

வெள்ளத்தில் மூழ்கிய காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வயரிங் கனெக்டர்களுக்குள் போன தண்ணீர் முதல் மாதத்தில் ஒன்றும் செய்யாது. பிறகு பச்சையாக அரித்து, இன்று ஏபிஎஸ் விளக்கு, நாளை கண்ணாடி ஏறவில்லை, மறுநாள் வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். யாராலும் முழுதாகத் தீர்க்க முடியாது.

கழுவி வாசனை தெளித்தாலும் சில இடங்களுக்குக் கை போகாது. முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். தினமும் வெளியே இருக்கும் பகுதி சுத்தமாக இருக்கும்; சுருளுக்குள்ளேயே கிடந்த கடைசி ஒரு முழத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நெசவின் இடுக்கில் மெல்லிய சேற்றுப் பொடியோ, குறுக்காக ஒரு நீர்க்கோடோ தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு, விரிப்புக்கு அடியில் ஈரமான பஞ்சு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறை இவற்றையும் பாருங்கள். பழைய காரில் விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும்.

மீட்டர் காட்டும் தூரமும் வண்டியும் பொருந்தவில்லை

மீட்டரைக் குறைப்பது சில நிமிட வேலை. பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், டிரைவர் சீட்டின் ஏறும் பக்க ஓரம் மூன்றும் சேர்ந்து பொய் சொல்லாது. 35,000 கி.மீ. என்கிற காரில் கிளட்ச் பெடலின் வரிகள் வழவழவென்று தேய்ந்திருக்காது. தொழிற்சாலை டயர்களும் பெரும்பாலும் இன்னும் இருக்கும். பெடல் ரப்பர் மட்டும் புதிதாக, சீட் மட்டும் தொய்ந்து இருந்தாலும் அதே கதைதான். பழைய சர்வீஸ் ரசீதுகளில் தேதியும் தூரமும் சீராக ஏறுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். சில கார்களில் ஓடிய தூரம் மீட்டர் தவிர வேறு கம்ப்யூட்டர்களிலும் பதிந்திருக்கும். அந்தக் கம்பெனிக்குரிய ஸ்கேனர் உள்ள மெக்கானிக் எடுத்துக் காட்டுவார்.

எந்தக் குறையும் கண்ணில் படவில்லை

இன்ஜின் பகுதி பளபளவென்று கழுவியிருக்கிறது, ஆயில் தேன் நிறத்தில் இருக்கிறது, ஓட்டம் அருமை. உண்மையிலேயே நல்ல வண்டியாகவும் இருக்கலாம். கழுவிய இன்ஜினில் கசிவுத் தடம் தெரியாது என்பதால், இங்கே கொஞ்சம் நேரம் கூடுதலாகச் செலவிடுங்கள். நீண்ட ஓட்டம் முடிந்ததும் அடியில் ஒரு அட்டையை விரித்து, ஏசி போட்டு, கால் மணி நேரம் ஐட்லிங்கில் விடுங்கள். சூட்டு முள் நடுவிலேயே நிற்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நிற்க வேண்டும். அட்டையில் நிறமில்லாத தண்ணீர் சொட்டினால் அது ஏசி நீர்; வழவழப்பாகவோ நிறமாகவோ சொட்டினால் கசிவு. அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் சூட்டிலேயே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் நன்றாக எடுத்த வண்டி சூட்டில் இழுத்து இழுத்து எடுத்தால் சென்சாரோ பெட்ரோல் அழுத்தமோ சரியில்லை.

அதற்குப் பிறகும் திருப்தியாக இருந்தால், விற்பவர் சொல்லும் மெக்கானிக்கிடம் போகாமல் உங்களுக்குத் தெரிந்தவரிடம் லிஃப்டில் ஏற்றுங்கள். பொதுவாகப் பாருங்கள் என்று சொல்லாமல் வேலையைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: எல்லாச் சிலிண்டர்களின் கம்ப்ரஷன், கூலண்ட்டில் வாயுச் சோதனை, பக்கவாட்டுச் சேசிஸிலும் ஜாக்கி வைக்கும் இடங்களிலும் துரு, சைலன்சர், டிரைவ் ஷாஃப்ட் பூட், ஆயில் கசிவு. கம்ப்ரஷனில் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சமமாகக் கொஞ்சம் குறைந்திருப்பதைவிட, மற்றவை நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருப்பதே மோசம். அடிப்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் லிஃப்டில் ஏற்ற ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அவர் சொல்லும் காரணம் எதுவாக இருந்தாலும், அன்றைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.